கட்டணம் கட்டுபவருக்காக நடக்கும் ஆட்டம்: அமெரிக்கச் சிறார் கால்பந்தின் கணக்கு

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் பத்து வயதுப் பிள்ளை கால்பந்து கிளப்பில் சேரும் கதை, பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் நடக்கும் 'ட்ரை-அவுட்' என்ற தேர்வில் தொடங்குகிறது. இரண்டு மூன்று மாலைகள் பிள்ளைகள் சட்டையில் எண்ணைக் குத்திக்கொண்டு ஓடுகிறார்கள். கையில் அட்டையுடன் பயிற்சியாளர்கள் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு பெற்றோருக்கு மின்னஞ்சல் வருகிறது: இடம் கிடைத்திருக்கிறது, ஓரிரு நாளுக்குள் முன்பணம் கட்டி உறுதிசெய்ய வேண்டும், கட்டியது திரும்பக் கிடைக்காது. அதன்பின் வரிசையாக வரும் ரசீதுகளில் ஆண்டுக் கட்டணம் ஒரு பகுதிதான். கிளப் சொல்லும் கம்பெனியிடமிருந்தே வாங்கவேண்டிய சீருடை, டோர்னமென்ட் நுழைவுக் கட்டணம், நடுவர் செலவில் பங்கு, குளிர்காலத்தில் உள்ளரங்க வாடகை, வெளியூர் ஆட்டத்துக்குப் பெட்ரோல், விடுதி, சாப்பாடு, பயிற்சியாளரின் பயணச் செலவில் ஒரு பங்கு என்று அது நீள்கிறது. போட்டி ஆட்டம் ஆடும் கிளப்பில் ஆண்டுக் கட்டணம் மட்டுமே 2,000 முதல் 3,000 டாலர் வரை போவது சாதாரணம். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. பல மாநிலங்கள் அதைவிட அதிகமாக நிர்ணயித்திருக்கின்றன. ஆனாலும் அந்தக் கூலிக்கு வேலை பார்க்கும் ஒருவருக்கு 3,000 டாலர் என்பது ஏறத்தாழ 414 மணி நேர உழைப்பு, அதாவது பத்து வாரத்துக்கும் மேலான முழுக் கூலி.

இந்த ஏற்பாட்டை அங்கே 'பே-டு-ப்ளே', காசு கட்டினால் ஆடலாம், என்கிறார்கள். இதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஒரே கவலையைச் சுற்றுகிறது: ஏழை வீட்டுப் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள், திறமை வீணாகிறது. கவலை நியாயமானது. ஆனால் அதை மட்டும் சொன்னால் தீர்வும் எளிதாகத் தோன்றிவிடும். சில உதவித்தொகைகள், ஏழைப் பகுதிகளில் சில இலவச முகாம்கள் போதும் என்று முடித்துவிடலாம். கட்டணம் வாசலில் நின்று ஆள் பார்த்து உள்ளே விடுவதோடு நிற்பதில்லை என்பதே என் வாதம். உள்ளே என்ன கற்றுத்தரப்படுகிறது, யாருக்காக, எந்த வயதில், எவ்வளவு தூரம் போய் என்பதையெல்லாமும் அதுவே தீர்மானிக்கிறது. கிளப்பின் வருமானம் முழுக்கப் பெற்றோரின் கையிலிருந்து வரும்வரை, கிளப் பெற்றோருக்கு விற்கக்கூடியதைத்தான் செய்யும். ஆகவே, கட்டணத்தைக் குறைப்பதைவிட அந்தச் செலவை யார் ஏற்பது என்பதை மாற்றுவதுதான் முதல் வேலை.

முதலில் வாசலைப் பார்ப்போம். ஆஸ்பென் இன்ஸ்டிடியூட்டின் 'புராஜெக்ட் ப்ளே' திட்டம் பல ஆண்டுகளாக இந்தக் கணக்கைத் தொடர்ந்து எடுத்துவருகிறது. பிள்ளையின் முதன்மை விளையாட்டுக்கு அமெரிக்கக் குடும்பங்கள் செலவழித்த சராசரித் தொகை 2024-இல் 1,016 டாலர். 2019-உடன் ஒப்பிட்டால் 46 விழுக்காடு உயர்வு. வாரம் ஒருநாள் பூங்காவில் ஆடும் பிள்ளையும் விமானத்தில் பறக்கும் பிள்ளையும் சேர்ந்த சராசரி இது. 2018-இல் ஆண்டுக்கு 25,000 டாலருக்குக் கீழ் வருமானமுள்ள வீடுகளில் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் 22 விழுக்காட்டினரே தவறாமல் ஏதாவது ஒரு விளையாட்டை ஆடினர். ஒரு லட்சம் டாலருக்கு மேல் உள்ள வீடுகளில் 43 விழுக்காட்டினர். கால்பந்தைப் பற்றித் தனியாக ஆராய்ந்தவர்களும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் கிரெக் கப்லானும் பத்திரிகையாளர் ரோஜர் பென்னட்டும் 2013-இல் அமெரிக்க ஆடவர் தேசிய அணி வீரர்கள் வளர்ந்த ஊர்களின் அஞ்சல் குறியீடுகளை 20 ஆண்டுகளுக்கு எடுத்துப் பார்த்தார்கள். கால்பந்து வீரர்களின் ஊர்கள் வருமானத்திலும் கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் நாட்டுச் சராசரிக்கு மேலே இருந்தன. கூடைப்பந்து நட்சத்திரங்கள் வந்த ஊர்களின் கதை வேறு. உலகம் முழுக்கத் தெருவிலும் காலி மனையிலும் வளர்ந்த ஆட்டம் இந்தப் பணக்கார நாட்டில் வசதியுள்ளவர்களின் ஆட்டமாகிவிட்டது.

இது திட்டமிட்டு நடந்ததில்லை. கலிஃபோர்னியாவின் டாரன்ஸில் 1964-இல் தொடங்கிய அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு, ஏஒய்எஸ்ஓ, எல்லாப் பிள்ளைக்கும் ஆட்டத்தில் இடம் உண்டு என்ற கொள்கையோடு, பெற்றோரையே பயிற்சியாளராகவும் நடுவராகவும் வைத்து நடந்தது, இன்றும் நடக்கிறது. 1970-களில் பெலே நியூயார்க் காஸ்மாஸுக்கு ஆட வந்தபோது இந்த ஆட்டத்தின் மேல் புறநகர்க் குடும்பங்களுக்கு ஆசை பிறந்தது. ஆட்டத்தில் முன்னேறிய பிள்ளைகளுக்கு அப்பா அம்மாவின் பயிற்சி போதாமல் போனபோது சம்பளத்துக்குப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், பலர் பிரிட்டனிலிருந்து. சம்பளம் கொடுக்கக் கட்டணம் தேவைப்பட்டது. மற்ற நாடுகளில் அந்தச் சம்பளத்தைக் கொடுக்க ஊர்க் கிளப்போ தொழில்முறை அணியோ நகராட்சியோ இருந்தது. அமெரிக்காவில் வட அமெரிக்கக் கால்பந்து லீக் 1984-இல் தன் கடைசிப் பருவத்தை ஆடி முடித்ததிலிருந்து 1996-இல் மேஜர் லீக் சாக்கர், எம்எல்எஸ், தொடங்கும்வரை முதல்தர வெளியரங்கத் தொழில்முறை லீக் என்று ஒன்றுகூட இல்லை. சிறார் கால்பந்து வேகமாக வளர்ந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் காசு கொடுக்கக்கூடிய ஒரே ஆள் பெற்றோர்தான். அந்தக் காலத்துக் கட்டாயம் அப்படியே அமைப்பாக இறுகிப்போனது.

காசு கட்டுபவர் பெற்றோர் என்றால் கிளப்பின் நடத்தை எப்படி மாறும்? ஒரு வயதுப் பிரிவில் நான்கு ஐந்து அணிகள் வைத்திருக்கும் பெரிய கிளப்பை எடுத்துக்கொள்வோம். கிளப்பின் பெயரை விற்பது முதல் அணி. செலவைத் தாங்குவது பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது அணிகளின் பெற்றோர். எனவே அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதில் கிளப்புக்கு லாபம் இருக்கிறது, நான்காவது அணிப் பிள்ளைக்குச் சிறந்த பயிற்சியாளரைக் கொடுப்பதில் இல்லை. ஒவ்வொரு மே மாதமும் பெற்றோர் வேறு கிளப்புக்குப் போய்விடலாம் என்பதால், பயிற்சியாளர் தன் வேலையை ஓராண்டுக்குள் கண்ணில் படும்படி காட்டியாக வேண்டும். கண்ணில் படுவது கோப்பை. பத்து வயதில் கோப்பை வெல்ல எளிய வழி உயரமான, வேகமான, அந்த ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பந்தை நீளமாக உதைக்கச் சொல்வது. பிறந்த மாதத்தால் வரும் இந்தச் சாய்வு பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியானது. இலவச அகாடமிகளிலும் உண்டு. ஆனால் காத்திருக்கக்கூடிய அமைப்பால் அதைத் திருத்த முடியும். மெதுவாக வளரும் ஒல்லிப் பிள்ளைக்காக மூன்று ஆண்டு பொறுத்திருக்க, அடுத்த மே மாதக் கட்டணத்தை நம்பியிருக்கும் கிளப்புக்கு ஒரு காரணமும் கிடையாது.

பயணமும் இப்படித்தான் வளர்ந்தது. அமெரிக்கக் கால்பந்து சங்கம் 2007-இல் டெவலப்மென்ட் அகாடமி என்ற நாடு தழுவிய லீக்கைத் தொடங்கி 2020-இல் மூடியது. பெண்களுக்கு இசிஎன்எல் என்ற லீக் 2009-இல் வந்தது. 2017-இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. எம்எல்எஸ் நடத்தும் சிறார் லீக்கான எம்எல்எஸ் நெக்ஸ்ட் 2020-இல் வந்தது. ஒவ்வொரு லீக்கும் தன்னுடையதே உயர்ந்தது என்று சொல்லும்போது, பக்கத்து ஊரில் சமபலமுள்ள அணி இருந்தாலும் அது வேறு லீக்கில் இருப்பதால் அதோடு ஆட முடியாமல் மாநிலம் தாண்டிப் போகிறார்கள். பெரிய டோர்னமென்ட்கள் பலவற்றில், ஏற்பாட்டாளர் சொல்லும் விடுதியில் தங்கினால்தான் ஆட அனுமதி. அறை ஒன்றுக்கு இவ்வளவு என்று விடுதியிடமிருந்து ஏற்பாட்டாளருக்குப் பங்கு போகும் வழக்கமும் உண்டு. பதினொரு வயதுப் பிள்ளையின் ஆட்டம் இதனால் ஒரு துளியும் மேம்படுவதில்லை. மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்து ஐம்பது நிமிடம் ஆடுவதைவிட அந்த மூன்று மணி நேரமும் பந்தோடு இருந்திருந்தால் பிள்ளைக்கு நல்லது என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

இங்கே எழும் முதல் மறுப்பு: வசதியற்றவர்களுக்குப் பெரும்பாலான கிளப்புகள் உதவித்தொகை தருகின்றனவே? தருகின்றன, அதை நடத்துபவர்கள் பலர் உண்மையான அக்கறையோடு நடத்துகிறார்கள். ஆனால் அந்த உதவி எதைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். வருமான வரிப் படிவத்தை இணைத்து விண்ணப்பிக்க வேண்டும். குடியேற்றத் தாள்கள் சரியில்லாத வீட்டில் அந்த நிபந்தனையைப் படித்ததுமே விண்ணப்பத்தை மூடிவைத்துவிடுவார்கள். விண்ணப்பித்துக் கிடைத்தாலும் கழிவது கிளப்பின் கட்டணம்தான். விடுதியும் பெட்ரோலும் கழிவதில்லை. வாரம் மூன்று மாலை ஆறு மணிக்குப் பிள்ளையைப் பேருந்து போகாத மைதானத்துக்குக் கூட்டிப்போக ஒரு காரும், அந்த நேரத்தில் வேலையில் இல்லாத ஒரு பெரியவரும் வேண்டும். இரவு ஷிஃப்ட் பார்க்கும் தாய்க்குக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடியானாலும் அந்த இடம் எட்டாதது. இதைவிட முக்கியமானது, உதவித்தொகை மற்ற பெற்றோர் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. எத்தனை பேருக்குத் தர முடியும் என்பதை முழுக் கட்டணம் கட்டுபவர்களின் எண்ணிக்கையே வரையறுக்கிறது. முதல் அணியை வெல்லவைக்கக்கூடிய பிள்ளைக்கு அது எளிதில் கிடைக்கும், சும்மா ஆட ஆசைப்படும் ஏழைப் பிள்ளைக்குக் கிடைப்பது அரிது. வசதியுள்ள வீட்டின் சுமாரான ஆட்டக்காரனுக்கு அணியில் இடம் உண்டு. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்குச் சுமாராக ஆட உரிமையில்லை. இந்த ஏற்றத்தாழ்வுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது.

இரண்டாவது மறுப்பு, இது முதலீடு, கல்லூரியில் திரும்பி வரும் என்பது. டாலஸ், நியூ ஜெர்சிப் புறநகர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் உட்பட, படிப்பைப் பெரிதாக நினைக்கும் எல்லா வீட்டிலும் செல்லுபடியாகும் வாதம் இது. பள்ளி அணியில் கால்பந்து ஆடும் மாணவர்களில், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ-வின் ஏதாவது ஒரு பிரிவில் ஆடுவோர் 100-க்கு ஆறு ஏழு பேர். உயர்ந்த முதல் பிரிவை எட்டுவோர் மூன்று பேருக்கும் குறைவு. மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. முதல் பிரிவிலும் ஆடவர் அணி ஒன்றுக்கு நெடுங்காலம் இருந்த வரம்பு 9.9 உதவித்தொகை, அதை இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டு அணியின் அளவுக்கு வரம்பு வைத்தார்கள், ஆனால் உதவித்தொகையைக் கூட்ட வேண்டும் என்று எந்தக் கல்லூரிக்கும் கட்டாயமில்லை. எட்டு வயது முதல் பதினெட்டு வரை கட்டிய காசைச் சேமித்துவைத்திருந்தால் எத்தனையோ வீடுகளில் அதுவே ஓராண்டுக் கல்லூரிக் கட்டணத்தைத் தாண்டியிருக்கும். இந்த ஆசையைக் கிளப்புகள் பொய் சொல்லி ஊட்டுவதாக நான் சொல்லவில்லை. விளம்பரப் பலகையில் கல்லூரிக்குப் போனவர்களின் படம் மட்டும் இருக்கும்போது பொய் தேவைப்படுவதில்லை.

மற்ற நாடுகளில் பிள்ளையை வளர்த்த கிளப்புக்கு வேறொரு வழியில் காசு வருகிறது. வீரர் ஒருவர் ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து வேறு நாட்டுக் கிளப்புக்கு விற்கப்பட்டால், விலையில் 5 விழுக்காட்டை அவருக்கு 12 முதல் 23 வயதுவரை பயிற்சி கொடுத்த கிளப்புகள் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது ஃபிஃபா 2001-இல் கொண்டுவந்த விதி. முதல் தொழில்முறை ஒப்பந்தத்துக்குத் தனியாகப் பயிற்சி ஈட்டுத்தொகையும் உண்டு. அமெரிக்கச் சங்கம் சட்டச் சிக்கலைக் காரணம் காட்டி இந்த விதிகளை நெடுங்காலம் நடைமுறைப்படுத்தவில்லை. சியாட்டில் சவுண்டர்ஸிலிருந்து டிஆண்ட்ரே யெட்லின் 2014-இல் டோட்டன்ஹாமுக்குப் போனபோது, அவரைச் சிறுவயதில் வளர்த்த வாஷிங்டன் மாநிலத்தின் கிராஸ்ஃபயர் பிரீமியர் கிளப் தன் பங்கைக் கேட்டு ஃபிஃபா வரை போனது. 2019-இல்தான் எம்எல்எஸ் தன் அகாடமிகளுக்காக இந்தத் தொகைகளைக் கோரப்போவதாக அறிவித்தது. இதை மட்டுமே மருந்தாகச் சொல்பவர்களோடு நான் முழுக்க உடன்படவில்லை. பல லட்சம் பிள்ளைகள் ஆடும் நாட்டில் விற்பனைக்குப் போகும் வீரர்கள் மிகச் சிலர். அந்த 5 விழுக்காடு எத்தனை மைதானத்துக்குப் புல் வெட்டும்? பெண்கள் கால்பந்துக்குப் பயிற்சி ஈட்டுத்தொகை விதி பொருந்தாது என்று ஃபிஃபாவே எழுதிவைத்திருக்கிறது. ஆனாலும் அந்தச் சிறு தொகை கிளப்பின் கண்ணை வேறு பக்கம் திருப்புகிறது. ஏழை வீட்டுப் பிள்ளையை இலவசமாக வளர்த்தால் நாளை காசு வரலாம் என்ற எண்ணமே அமெரிக்கக் கிளப்புக்கு இதுவரை இல்லாதிருந்தது.

எம்எல்எஸ் அணிகளின் அகாடமிகள் இப்போது பெரும்பாலும் இலவசமாகிவிட்டனவே என்று கேட்கலாம். அது உண்மையான முன்னேற்றம், வளர்த்த வீரரை ஐரோப்பாவுக்கு விற்று லாபம் பார்க்கலாம் என்று கிளப்புகள் புரிந்துகொண்டதன் விளைவு. ஆனால் அகாடமி பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குப் பிறகு. அதுவரை அந்தப் பிள்ளை எங்கே ஆடியது? கனடா வீரர் அல்ஃபோன்சோ டேவிஸின் பாதை இதைத் தெளிவாக்கும். லைபீரியப் பெற்றோருக்குக் கானாவின் புடுபுராம் அகதி முகாமில் 2000-இல் பிறந்தவர். ஐந்து வயதில் கனடா வந்து எட்மன்டனில் வளர்ந்தவர். அந்த நகரில் வசதியற்ற பகுதிப் பள்ளிகளுக்காக நடந்த 'ஃப்ரீ ஃபுட்டி' என்ற திட்டம் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கவில்லை. காலணியும் சீருடையும் கொடுத்தது, ஆட்டத்துக்குப் பேருந்தும் விட்டது. அங்கிருந்து உள்ளூர்க் கிளப்புக்கும், பதினான்கு வயதில் எம்எல்எஸ் அணியான வான்கூவரின் அகாடமிக்கும் போனார். 2018-இல் பயர்ன் மியூனிக் அவரை வாங்க ஒப்புக்கொண்ட தொகை, மேலதிகப் பணங்கள் சேர்ந்தால் 2.2 கோடி டாலர் வரை போகக்கூடியது. அன்று எம்எல்எஸ் வரலாற்றில் அதுவே உச்சம். வான்கூவர் அகாடமி இலவசமாக இருந்ததற்கு எவ்வளவு மதிப்போ, அதற்கு முன்னால் வந்த அந்தப் பேருந்துக்கும் அவ்வளவு மதிப்பு.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு அமெரிக்கப் பெண்கள் அணி. இதே கட்டண அமைப்பிலிருந்து வந்தவர்கள் 1991, 1999, 2015, 2019 என நான்கு முறை உலகக் கோப்பையையும், 2024 உட்பட ஐந்து முறை ஒலிம்பிக் தங்கத்தையும் வென்றிருக்கிறார்கள். அமைப்பு கெட்டது என்றால் இது எப்படி? இதற்கு விடை 1972-இன் டைட்டில் ஒன்பது சட்டத்தில் இருக்கிறது. அரசு நிதி பெறும் பள்ளி, கல்லூரிகள் பெண்களுக்கு விளையாட்டில் சம வாய்ப்புத் தர வேண்டியதாயிற்று. அந்தக் காலத்தில் மற்ற நாடுகள் என்ன செய்துகொண்டிருந்தன? இங்கிலாந்து 1921 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கால்பந்து சங்கத்தைச் சேர்ந்த மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டிருந்தது. மேற்கு ஜெர்மனியின் தடை 1970 வரை, பிரேசிலின் தடை 1979 வரை. அமெரிக்கப் பெண்களை உயர்த்தியது பொதுச் சட்டமும் பொதுப் பணமும் சார்ந்த கல்வி நிலையங்கள். அந்த வெற்றிகளை வென்றவர்களின் உழைப்பை இது ஒரு துளியும் குறைக்காது. கட்டண அமைப்புக்கு அதில் உரிமை கொண்டாட அதிகம் இல்லை என்பதுதான் விஷயம். அதே அணியின் கோல்கீப்பராக இருந்த ஹோப் சோலோ, தன் குடும்பத்தால் இன்றைய கட்டணத்தைக் கட்டியிருக்க முடியாது என்று 2018-இல் வெளிப்படையாகச் சொன்னார்.

ஐரோப்பாவை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. அங்குள்ள தொழில்முறை அகாடமிகள் ஒன்பது வயதில் சேர்த்துப் பதினாறில் கைவிடும் பிள்ளைகளின் மனத்துயரம் நன்கு பதிவானது. நான் பார்க்கச் சொல்வது அதற்குக் கீழே இருக்கும் அடுக்கை. 2000 யூரோ கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறிய ஜெர்மனி, 2002-இல் நாடு முழுக்க முந்நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சி மையங்களைத் திறந்தது. ஊர்க் கிளப்பில் ஆடும் பிள்ளைக்குச் சங்கத்தின் செலவில் வாரம் ஒருமுறை கூடுதல் பயிற்சி. அப்போது மூன்றரை லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்தில் நகராட்சிகள் உள்ளரங்க மைதானங்களைக் கட்டின. சின்னப் பிள்ளைகளுக்கும் உரிமம் பெற்ற, சம்பளம் வாங்கும் பயிற்சியாளர்களே சொல்லித்தருகிறார்கள். அங்கும் பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள், ஆனால் ரெய்க்யவிக் நகரம் 6 முதல் 18 வயதுவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பகுதியை மானியமாகத் தருகிறது. 2016 யூரோ கோப்பையில் இங்கிலாந்தைத் தோற்கடித்ததும் 2018 உலகக் கோப்பைக்குப் போனதும் அந்த நாடு. அதே 2018 கோப்பைக்கான தகுதியை, 2017 அக்டோபர் 10 அன்று டிரினிடாடில் 2–1 என்று தோற்று, 32 கோடி மக்கள் கொண்ட அமெரிக்கா இழந்தது.

அமெரிக்க வரிப்பணம் விளையாட்டுக்குப் போகாது, அந்நாட்டு இயல்பு அப்படி என்று சொல்வார்கள். இப்போதே போகிறது. இண்டியானாவின் வெஸ்ட்ஃபீல்ட் நகராட்சி 2014-இல் சுமார் 400 ஏக்கரில் கிராண்ட் பார்க் என்ற மாபெரும் மைதானத் தொகுதியைக் கட்டித் திறந்தது. வெளியூர்க் குடும்பங்கள் டோர்னமென்ட்டுக்கு வந்து விடுதியிலும் ஓட்டலிலும் செலவு செய்வார்கள் என்பது அதன் பின்னாலிருந்த கணக்கு. இப்படிக் கணக்குப் போடும் ஊர்கள் பல. பொதுப் பணம் இருக்கிறது, அது பயணம் செய்ய வசதியுள்ள பிள்ளையை நோக்கிப் போகிறது. 1994 உலகக் கோப்பையின் உபரியிலிருந்து பிறந்த யுஎஸ் சாக்கர் ஃபவுண்டேஷன், நெருக்கடியான நகர்ப்பகுதிகளில் சிறு மைதானங்கள் போட்டு, பள்ளி விட்ட பிறகு இலவசப் பயிற்சி நடத்துவது எதிர்த்திசையில் செல்லும் நல்ல எடுத்துக்காட்டு. பிள்ளை நடந்தே வரக்கூடிய இடத்தில் பயிற்சியாளரை வைத்தால் காரும் வேண்டாம், விடுதியும் வேண்டாம்.

இதற்கெல்லாம் பத்தாண்டு ஆகும் என்றால், உடனே செய்யக்கூடிய ஒன்று சங்கத்தின் கையிலேயே இருக்கிறது. அமெரிக்கச் சங்கம் கட்டளை போடத் தெரியாத அமைப்பு அல்ல. பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் தலையால் பந்தை முட்டக் கூடாது என்று 2015-இல் சொன்னது. நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. சின்ன வயதினர் நால்வருக்கு நால்வர், எழுவருக்கு எழுவர் என்று சிறு மைதானத்தில்தான் ஆட வேண்டும் என்றது, வயதைக் காலண்டர் ஆண்டால் பிரிக்க வேண்டும் என்றது. இரண்டும் 2017-இல் எல்லாக் கிளப்பிலும் வந்தன. இப்போது பெரிய சிறார் அமைப்புகளே கூடிப் பேசி, 2026–27 பருவத்திலிருந்து வயதைப் பள்ளி ஆண்டுக்கு ஏற்ப ஆகஸ்ட் முதல் கணக்கிடுவதாக முடிவெடுத்திருக்கின்றன. லட்சக்கணக்கான பிள்ளைகளின் அணியையே மாற்றும் முடிவு அது. இதே அதிகாரத்தைக் கொண்டு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட அணி இரவு வெளியூரில் தங்கி ஆடும் எந்தப் போட்டிக்கும் அங்கீகாரம் இல்லை என்றும், பக்கத்து ஊர் அணிகள் எந்த லீக்கில் இருந்தாலும் தங்களுக்குள் ஆடலாம் என்றும் அடுத்த பருவத்துக்கே விதி போடலாம். கிளப்புகளும் டோர்னமென்ட் நடத்துபவர்களும் எதிர்ப்பார்கள், வழக்குக்கும் போகலாம். பெற்றோரில் பலர் அந்த வார இறுதியில் வீட்டில் இருப்பார்கள்.